முஸ்லிம் நுகர்வோர் நிறுவனத்தின் அறப்பணியை எப்படி எடைபோடுகிறார்கள்?

கேள்வி: வீட்டு உபயோகப் பொருள்களும் பொதியிட்ட உணவுப் பொருள்களும் தயாரிக்கும் நிறுவனத்தில் சமூகப் பொறுப்புத் திட்டங்களைக் கவனிக்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நான் முஸ்லிம் அல்லள். கடந்த ரமலானில் ‘ஒவ்வொரு பொதியிலிருந்தும் ஒரு பங்கு ஏழைகளுக்கு’ என்று விளம்பரம் செய்து, கணிசமான தொகையைச் செலவிட்டோம். வந்த கருத்துகளில் பாராட்டைவிடக் கேள்விகளே மிகுதி. அதே காலத்தில் பொதியின் எடை குறைக்கப்பட்டதைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். அடுத்த ஆண்டு இதற்கு ‘ஜகாத் திட்டம்’ என்று பெயர் வைத்தால் வரவேற்பு கூடும் என்று விற்பனைப் பிரிவினர் சொல்கிறார்கள். முஸ்லிம் நுகர்வோர் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை எப்படிப் பார்க்கிறார்கள்? புறக்கணிப்பு அழைப்புகள் எழும்போது இத்தகைய நற்பணி எங்களைக் காக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு வந்த கேள்விகளை நன்றியின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை உங்கள் நற்பணியை மறுக்கவில்லை. அதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய சில கணக்குகளைக் கேட்கின்றன. சமூகப் பொறுப்பு பற்றிய பாடங்களில் ஆர்ச்சி கரோல் 1991இல் முன்வைத்த பிரமிடு வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள். அடித்தளத்தில் பொருளாதாரப் பொறுப்பு, அதன்மேல் சட்டப் பொறுப்பு, அதன்மேல் அறப் பொறுப்பு, உச்சியில் கொடை என்பது அதன் அமைப்பு. இலாபம் ஈட்டி, சட்டத்தை மீறாமல் நடந்து, பிறகு அறத்தையும் கொடையையும் கவனிப்பது இயல்பான ஏற்றமாக அதில் தோன்றுகிறது. மார்க்கத்தை வாழ்வில் கடைப்பிடிக்கும் முஸ்லிம் நுகர்வோரிடம் பேசிப் பார்த்தால், அறம் நடுவில் வரும் ஒரு படியாக இல்லாமல் எல்லாப் படிகளிலும் ஊடுருவி நிற்பதைக் காணலாம். பொருளை எப்படித் தயாரித்தீர்கள், எப்படி அளந்தீர்கள், உழைத்தவருக்கு என்ன கொடுத்தீர்கள், பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகே, யாருக்கு எவ்வளவு வழங்கினீர்கள் என்பதை அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அதனால்தான் எடை குறைந்த செய்தி உங்கள் நன்கொடைச் செய்தியை விழுங்கிவிட்டது. பொதியின்மேல் புதிய எடையைச் சரியாக அச்சிட்டிருப்பீர்கள். சட்டப்படி அதில் தவறு இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அளவையும் நிறுவையும் குர்ஆன் வணிகத்தின் ஓரப் பிரச்சினையாகக் கருதவில்லை. 83ஆம் அத்தியாயத்தின் பெயரே அளவில் மோசடி செய்வோரைக் குறிப்பது. வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று அது தொடங்குகிறது. மத்யன் மக்களிடம் அனுப்பப்பட்ட நபி ஷுஐப் (அலை) அவர்கள், இறைவனை வணங்குங்கள் என்று அழைத்த உடனேயே, அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள் என்று எச்சரித்ததை 11ஆம் அத்தியாயம் சொல்கிறது. தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வணிகரைக் கேட்டு, ஏமாற்றுகிறவர் என்னைச் சார்ந்தவர் அல்லர் என்று சொன்னதும் ‘முஸ்லிம்’ என்னும் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவாகியுள்ளன. இவை வெள்ளிக்கிழமை உரைகளிலும் மதரஸா வகுப்புகளிலும் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவை. பொதியின் முகப்பில் விலை மாறாமல் இருக்க, பின்புறத்தில் எடை மட்டும் சத்தமில்லாமல் இறங்கியிருப்பதைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு அந்த ஈரத் தானியமே நினைவுக்கு வரும். அதே பொதியில் ஏழைகளுக்கு ஒரு பங்கு என்ற வாசகமும் இருந்தால், என்னிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் பெயரை நீங்கள் வைத்துக்கொண்டீர்களா என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மூலப்பொருள் விலை ஏறியதால் எடையைக் குறைக்க நேர்ந்திருக்கலாம். அப்படியானால் பழைய எடை, புதிய எடை, காரணம் மூன்றையும் பொதியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். இந்த ஆண்டு உங்கள் பிரிவு செய்யக்கூடிய மிகச் சிறந்த சமூகப் பொறுப்புப் பணி எது என்று என்னைக் கேட்டால், அந்த மூன்று வரிகளை அச்சிட நிர்வாகத்தை இணங்கச் செய்வதுதான் என்பேன்.

அடுத்து, பணத்தின் தூய்மை. இறைவன் தூயவன், தூயதை அன்றி ஏற்பதில்லை என்ற ஹதீஸ் முஸ்லிம்களிடையே பரவலாக அறியப்பட்டது. சம்பாதித்தவற்றில் நல்லவற்றைச் செலவிடுங்கள், நீங்களே கண்ணை மூடிக்கொண்டு அன்றி வாங்க மாட்டாத மட்டமானதைக் கொடுக்க நாடாதீர்கள் என்று குர்ஆன் 2:267 (2ஆம் அத்தியாயம், 267ஆம் வசனம்) கூறுகிறது. எனவே ஹலால் என்பதை மூலப்பொருள் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், வட்டி, ஏமாற்று, சூதாட்டத்தன்மை கொண்ட பரிசுக் குலுக்கல் ஆகியவை வரை நீட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. இஸ்லாமிய நிதித் துறையில் இதற்கு நடைமுறை விதிகளே இருக்கின்றன. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான தரநிலைகளை வகுத்து பஹ்ரைனிலிருந்து இயங்கும் அயோஃபி அமைப்பு, ஒரு நிறுவனத்தின் பங்குகளை வாங்கலாமா என்று பார்க்கும்போது, அனுமதிக்கப்படாத வழிகளில் வரும் வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்தச் சிறு பகுதியைக்கூட முதலீட்டாளர் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் நல்வழியில் கொடுத்துவிட வேண்டும். இங்கே நுட்பமான ஓர் இடம் உண்டு. அப்படி வெளியேற்றப்படும் பணம் சுத்திகரிப்பே தவிர தர்மம் ஆகாது. அதற்கு நன்மையை எதிர்பார்க்க முடியாது. உங்கள் நன்கொடை நிதி வைப்புத்தொகை வட்டியிலிருந்து வருகிறதென்றால், அதை ரமலான் தர்மம் என்று விளம்பரப்படுத்துவது, விவரம் தெரிந்த ஒரு வாடிக்கையாளர் கேட்டாலே விடை சொல்ல முடியாத இடத்தில் உங்களை நிறுத்திவிடும். நற்பணி நிதி விற்பனை இலாபத்திலிருந்து வரட்டும். அதன் கணக்கும் தனியாக இருக்கட்டும்.

தொழிலாளர் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. நானாகவே கேட்கிறேன், ஏனென்றால் உங்கள் வாடிக்கையாளர்களும் கேட்பார்கள். வேலையாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழி இப்னு மாஜா தொகுப்பில் இருக்கிறது. ஒருவரை வேலைக்கு அமர்த்தி முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராக மறுமை நாளில் நானே வழக்காடுவேன் என்று இறைவன் கூறுவதாக புகாரி தொகுப்பில் உள்ள ஹதீஸ் இன்னும் கடுமையானது. ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சம்பளம் தாமதமாகிறதா, பொருள் வழங்கும் சிறு வியாபாரிகளின் தொகை மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கிறதா, நோன்பு மாதத்தில் பணிநேரத்தைச் சற்று மாற்றிக்கொள்ள முடிகிறதா, தொழுகைக்கு இடமும் சில நிமிடங்களும் கிடைக்கின்றனவா என்பவை ஊழியர்களின் குடும்பங்கள் வழியாக ஊரெல்லாம் தெரிந்த செய்திகளாகிவிடும். அவற்றுக்கு எதிராக எந்த விளம்பரமும் நிற்காது. நிலுவைத் தொகை கடன். கடனைத் தீர்க்காமல் தர்மம் செய்பவரை இந்தச் சமூகம் உயர்வாக மதிப்பதில்லை.

இனி, விளம்பரம். தர்மத்தைப் பேசவே கூடாது என்று முஸ்லிம்கள் நினைப்பதாகச் சில ஆலோசகர்கள் சொல்வார்கள். அது முழு உண்மை அன்று. தர்மங்களை வெளிப்படையாகச் செய்தால் அதுவும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் நல்லது என்று குர்ஆன் 2:271 இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னாலேயே, 2:264இல், சொல்லிக்காட்டியும் மனத்தை நோகடித்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்கிவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை வருகிறது. வெளியில் தெரிவதற்கும் சொல்லிக்காட்டுவதற்கும் இடையிலுள்ள இந்தக் கோட்டை வாடிக்கையாளர்கள் மிகத் துல்லியமாக உணர்கிறார்கள். நான் நடத்திய ஒரு கலந்துரையாடலில் நலத்திட்ட விளம்பரப் படம் ஒன்றை மேசையில் வைத்தோம். நிறுவனத்தின் சின்னம் பதித்த பையை ஒரு சிறுமி இரு கைகளாலும் பிடித்திருக்கிறாள். பக்கத்தில் அதிகாரிகள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். பெரியவர் ஒருவர் அந்தப் படத்தைத் தம் பக்கம் இழுத்து, சிறுமியின் முகத்தின்மேல் விரலை வைத்து மறைத்துவிட்டு, “இப்போது பாருங்கள், செய்தி ஏதாவது குறைந்துவிட்டதா? பிறகு ஏன் இந்தப் பிள்ளையைக் காட்ட வேண்டும்?” என்று கேட்டார். தொகையைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த முகத்தைப் பற்றித்தான் மீதி நேரம் முழுவதும் பேசினார்கள்.

எனவே தொகையை வெளியிடுங்கள், தணிக்கை செய்யப்பட்ட கணக்கை வெளியிடுங்கள், பணம் எந்த வழியாக யாரிடம் சேர்ந்தது என்பதைச் சொல்லுங்கள். பெற்றுக்கொண்டவரின் முகத்தையும் பெயரையும் விட்டுவிடுங்கள். திட்டத்தைப் பற்றிய விளம்பரத்துக்கு ஆன செலவு திட்டத்துக்கான தொகையைவிட மிகுந்துவிட்டால் அதைத் திட்டம் என்று அழைப்பதையே நிறுத்துங்கள்.

‘ஜகாத் திட்டம்’ என்ற பெயரைப் பொறுத்தவரை என் பதில் உறுதியானது: வேண்டாம். ஜகாத் மக்கள் மனத்தில் உயர்ந்த இடம் பெற்ற பெயர் என்பதாலேயே அதைக் கடன் வாங்கக் கூடாது. அது வசதியுள்ள முஸ்லிம்மீது விதிக்கப்பட்ட வணக்கம். நிஸாப் என்னும் குறைந்தபட்ச அளவை எட்டிய செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால், பணத்திலும் வணிகச் சரக்கிலும் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம், கொடுத்தாக வேண்டும். யாருக்குக் கொடுக்கலாம் என்பதும் கொடுப்பவரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. எட்டு வகையினரைக் குர்ஆன் 9:60 வரையறுக்கிறது. கொடுப்பவரிடம் நிய்யத், அதாவது ஜகாத் கொடுக்கிறேன் என்ற எண்ணம், வேண்டும்; ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) படி, பெறுகிறவர் அந்தப் பொருளுக்கு உரிமையாளராக ஆகவும் வேண்டும். அதனால் மரம் நடுதல், பள்ளிக் கட்டடம், விழிப்புணர்வு நிகழ்ச்சி போன்ற வழக்கமான சமூகப் பொறுப்புப் பணிகளில் பல, நல்ல பணிகளாக இருந்தும், ஜகாத் கணக்கில் சேரா என்றே அறிஞர்கள் பலர் கூறுவார்கள். நிறுவனம் ஜகாத் கொடுக்குமா என்பதே தனி ஆய்வுக்குரிய பொருள். 1988இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாதமி, பங்குகளுக்கான ஜகாத் பங்குதாரர்கள்மீதே கடமை என்றும், நிறுவனத்தின் விதிமுறை, பொதுக்குழுவின் முடிவு, நாட்டுச் சட்டம், பங்குதாரரின் ஒப்படைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஓர் அடிப்படை இருந்தால் நிறுவனம் அவர்கள் சார்பில் கொடுக்கலாம் என்றும் தீர்மானித்தது. உங்கள் பங்குதாரர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் இருப்பார்கள். இந்த நிலையில் விற்பனைத் தொகையின் ஒரு பங்கை ஜகாத் என்று அழைப்பது யாருடைய கடமையையும் நிறைவேற்றாது. வாங்குபவர் தம் ஜகாத் அதில் அடங்கிவிட்டது என்று நம்பினால், அவருடைய வணக்கத்திலேயே நீங்கள் குழப்பத்தை உண்டாக்கியவராவீர்கள். எடைக் குறைப்பை மன்னிக்கும் வாடிக்கையாளர்கூட இதை மன்னிப்பது அரிது.

ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பங்கு என்ற திட்டத்திலும் இதே தெளிவு தேவை. கொடுப்பது யார்? விலையில் அந்தப் பங்கைச் சேர்த்திருந்தால் அது வாடிக்கையாளரின் பணம். நீங்கள் அதைக் கொண்டுசேர்க்கும் அமானிதக்காரர், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டவர், மட்டுமே. உங்கள் இலாபத்திலிருந்து கொடுத்தால், அதை வாடிக்கையாளர் செய்த தர்மம் என்று அவரிடம் கூறக் கூடாது. இரண்டில் எது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். விற்பனை குறைந்தாலும் குறையாத ஒரு தொகையை முன்கூட்டியே அறிவிப்பது இன்னும் நேர்மையானது என்பது என் கருத்து. ஏழையின் பங்கு பொதிகளின் எண்ணிக்கையைச் சார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தோனேசியாவின் 2007ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் போன்றவை சில வகை நிறுவனங்களுக்குச் சமூகப் பொறுப்பைக் கட்டாயமாக்கியுள்ளன. சட்டம் செலவிடச் சொன்ன தொகையைக் கருணையாகக் காட்டுவதும் இதே வகைத் தவறுதான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. உலகில் ஏறத்தாழ 200 கோடி முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். அவர்களை ஒரே மனத்துடன் கடைக்கு வரும் கூட்டமாக எண்ணிவிட வேண்டாம். மார்க்கப் பற்று, கல்வி, வருமானம், நாடு எல்லாம் தேர்வை மாற்றும். சிறுபான்மையினராக வாழும் இடங்களில், தம் தேவைகளை ஒரு நிறுவனம் மதித்து நடந்தாலே அதைப் பெரிய பொறுப்புணர்வாகக் கருதுவோர் உண்டு. பெரும்பான்மையினராக வாழும் இடங்களில் அது எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்சம். மலேசிய நுகர்வோரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில், பொருளாதாரப் பொறுப்பு முதலிடத்தில் இருந்தாலும் கொடை இரண்டாம் இடத்துக்கு வந்து சட்டப் பொறுப்பைப் பின்தள்ளியது. கரோலின் வரிசை அங்கே மாறிவிட்டது. ஹாங்காங், சிங்கப்பூர் நுகர்வோர் பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்வு, மதப்பற்று மிக்கவர்கள் பொறுப்புள்ள நிறுவனங்களை ஆதரிக்கும் போக்கு கூடுதலாக இருப்பதைக் கண்டது. இரண்டும் முஸ்லிம்களை மட்டும் ஆராய்ந்தவை அல்ல. கேள்வித்தாளில் நல்ல பதிலைத் தேர்ந்தெடுப்பதும் கடையில் பணத்தை எடுத்து வைப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதையும் மறக்கக் கூடாது. விலையும் தரமும் ஒத்திருக்கும்போது அறம் தராசைச் சாய்க்கும். தரமற்ற பொருளை அறப்பணிக்காகத் தொடர்ந்து வாங்குவோர் எங்கும் குறைவு.

புறக்கணிப்பு பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். நற்பணி ஒரு காப்பீடு ஆகாது. டென்மார்க் நாளிதழ் ஒன்றில் 2005 செப்டம்பரில் வெளியான கேலிச்சித்திரங்களை அடுத்து, 2006இன் தொடக்கத்தில் மத்திய கிழக்கில் டேனிஷ் பொருள்கள் புறக்கணிக்கப்பட்டபோது, அந்தச் சித்திரங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆர்லா பால் நிறுவனத்தின் விற்பனை அங்கே ஏறக்குறைய நின்றேபோனது. அதுவரை அது சேர்த்திருந்த நற்பெயர் அந்த அலையைத் தடுக்கவில்லை. நிறுவனத்தின் சொந்த நடத்தையால் எழும் கோபத்தின் இயல்பு வேறு. இந்தோனேசியாவில் அஜினோமோட்டோ நிறுவனத்தின் சுவையூட்டி தயாரிப்பில், நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகத்தை உண்டாக்கப் பன்றியிலிருந்து பெறப்பட்ட நொதி பயன்படுத்தப்பட்டிருந்தது 2001இன் தொடக்கத்தில் தெரியவந்தது. இறுதிப் பொருளில் அது கலந்திருக்கவில்லை என்ற விளக்கம் மக்களை அமைதிப்படுத்தவில்லை, ஏனென்றால் அவர்களின் கேள்வி, இப்படி ஒரு நொதி பயன்படுத்தப்படுவதைத் தங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பது. பொருள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டு, அந்த மூலப்பொருள் மாற்றப்பட்டு, மீண்டும் ஹலால் சான்று கிடைத்த பிறகே நிலைமை சீரானது. சேதத்தைச் சரிசெய்தவை திரும்பப் பெறுதல், மாற்றம், மறுசான்று ஆகிய மூன்றும்தான். கொடையால் அதைச் சரிசெய்திருக்க முடியாது.

2023 அக்டோபருக்குப் பின் காஸா போரை ஒட்டிப் பல நாடுகளில் எழுந்துள்ள புறக்கணிப்புகளில், ஒரு நிறுவனத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது, அது எங்கே முதலீடு செய்கிறது என்பதையே மக்கள் முதலில் தேடுகிறார்கள். தவறான பட்டியல்களும் சுற்றுகின்றன. உள்ளூர் உரிமையாளர்களும் ஊழியர்களும் அதில் பாதிக்கப்படுவதும் உண்மை. இதற்கு உங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான். உரிமை, முதலீடு, மூலப்பொருள் வழங்குநர் விவரங்களை, யாரும் குற்றஞ்சாட்டுவதற்கு முன்பே, எளிய மொழியில் வெளியிட்டு வையுங்கள். அந்த விவரங்களில் வெளியே சொல்லக் கூசும் ஏதேனும் இருந்தால், அது சமூகப் பொறுப்புப் பிரிவின் வேலை இல்லை, இயக்குநர் குழுவின் வேலை. அவர்களிடம் எழுத்து மூலம் கொண்டுசெல்லுங்கள். வாடிக்கையாளர் தம் மனச்சாட்சிப்படி வாங்காமல் விடுவது அவருடைய உரிமை என்பதை மதித்தே பதில் எழுதுங்கள். நாங்கள் இவ்வளவு தர்மம் செய்திருக்கிறோமே என்ற வரி அந்தப் பதிலில் எங்கும் வரக் கூடாது.

அடுத்த ரமலானுக்கு முன் வாடிக்கையாளர்களிடம் கருத்துக் கேட்கும் எண்ணம் இருந்தால், எங்கள் நற்பணி உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். பெரும்பாலோர் பிடித்திருக்கிறது என்றே சொல்வார்கள், அதனால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. எங்கள் பொதியில் எந்தத் தகவலைத் தேடிக் கிடைக்காமல் போனது, எங்களைப் பற்றி எந்தச் செய்தியைக் கேட்டால் வாங்குவதை நிறுத்துவீர்கள், எங்கள் நன்கொடைத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை என்று நீங்கள் நினைக்கும்படி நாங்கள் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகள் போதும். ஆண்களும் பெண்களும் தனித்தனியாகப் பேசும் வாய்ப்பை ஏற்படுத்துங்கள். வீட்டுக்கு வாங்கும் முடிவைப் பல குடும்பங்களில் பெண்களே எடுக்கிறார்கள். உங்கள் சொந்த ஊழியர்களையும் கருத்துக் கேட்போர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டவற்றுக்கு நிறுவனம் அளித்த பதிலை, மறுத்தவை உட்பட, நோன்பு தொடங்குவதற்கு முன்பே வெளியிடுங்கள்.